குதிரைத் தொடையில் எழுதிய கணக்கு

தில்லியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் சிரிக் கோட்டையின் சிதைந்த மதிலை ஒரு முறையேனும் காணாதவர் இரார். நாட்டியம் காணவோ இசை கேட்கவோ அரங்கத்துக்குச் செல்லும் வழியில், அந்தக் கற்சுவரைப் பார்த்தும் பாராமலும் கடந்து செல்கிறோம். அதனை எழுப்பிய அலாவுதீன் கில்ஜி (1296–1316) நாடுகளை வென்ற கதையும், கடைத்தெருவில் விலை கட்டிய கதையும் நம் பிள்ளைகளின் பாடநூலில் உண்டு. ஆனால் அவன் குதிரைகளுக்குச் சூடு போட்ட செய்தி ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைச் சற்றே விரித்துக் கூறுவதே இங்கு நம் நோக்கம்.

ஆண் குதிரைக் குட்டி ஒன்று படைக்கு உரியதாகுமுன் மனிதன் அதன் உடல்மீது செய்யும் காரியங்கள் இரண்டு. ஒன்று விதையடித்தல்; மற்றொன்று அடையாளக் குறி இடுதல். முன்னது குதிரையின் குணத்தை அடக்குவதற்கு. பின்னதோ குதிரைக்காக ஏற்பட்டதன்று. மனிதனின் பொய்யை அடக்குவதற்காக ஏற்பட்டது. வட இந்திய அரசுகள் பின்னதைப் பெரிதும் போற்றின. முன்னதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

குறியிடும் முறைக்குப் பாரசீக மொழியில் 'தாக்' என்று பெயர். கறை, தழும்பு, சூட்டுக்குறி என்னும் பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு. பள்ளிச் சட்டையில் மை கொட்டிக்கொண்டு வரும் பிள்ளையைக் கண்டு நம் அண்டை வீட்டு அம்மையார் சொல்லும் அதே 'தாக்'தான் ஒரு காலத்தில் பேரரசின் படைத்துறைச் சொல்லாக விளங்கியது.

1303-ஆம் ஆண்டில் மங்கோலியர் தில்லி வரை வந்து சூழ்ந்துகொண்டனர். சுல்தான் சிரியில் அகழி வெட்டி ஒடுங்கியிருக்க நேர்ந்தது. அதன் பின்னரே பெரும்படை ஒன்றை ரொக்கச் சம்பளத்தில் வைத்துக் காக்கும் ஏற்பாடு உருவாயிற்று. வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி தரும் கணக்கின்படி குதிரை வீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 234 தங்கா. இரண்டாவது குதிரை வைத்திருப்பவனுக்கு மேலும் 78 தங்கா. முதல் தரக் குதிரையின் விலையோ 100 முதல் 120 தங்கா வரை. ஆகவே நல்ல குதிரை ஒன்று வீரனின் அரை ஆண்டுச் சம்பளத்தை விழுங்கியது. இங்கேதான் சூது முளைத்தது. நல்ல குதிரையைக் காட்டிப் பெயர் பதிந்துகொண்டு, மறுநாளே அதனை விற்றுவிட்டு மட்டக் குதிரையை லாயத்தில் கட்டலாம். இரவல் குதிரையைக் கொண்டுவந்து காட்டலாம். ஒரே குதிரையை இருவர் காட்டி இரு சம்பளம் பெறலாம். படை ஏட்டில் பெருத்துக் களத்தில் இளைத்துப்போகும். இதற்கு மருந்தாகவே குதிரைக்குச் சூட்டுக்குறியும், வீரனுக்கு அங்க அடையாளப் பதிவும் விதிக்கப்பட்டன. வீரனின் நிறம், மச்சம், தழும்பு ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைக்கும் இவ்வழக்கமே பின்னாளில் முகலாயர் ஆட்சியில் 'செஹ்ரா' என்று பெயர் பெற்றது.

இக்கருத்து முற்றிலும் புதியதென்று கொள்ள வேண்டுவதில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரைகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஒவ்வொரு குதிரையின் இனம், வயது, நிறம், அடையாளம், வந்த இடம் ஆகியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்று கூறுகிறது. நம் தமிழகத்திலும் குதிரை வாணிகத்தில் ஐயம் உண்டு என்பதைத் திருவிளையாடற் புராணம் காட்டும். நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்த இறைவன் பாண்டியனிடம் அவற்றைக் கயிறு மாறிக் கொடுத்த பின்னரே, இரவில் அவை மீண்டும் நரிகளாயின. கயிறு மாறியபின் விற்றவன் பொறுப்பாளி அல்லன் என்பது வாணிக மரபு. சூட்டுக்குறி இருந்திருந்தால் அக்கதை என்னவாகியிருக்கும் என்று எண்ணிச் சிரிப்பதில் பிழையில்லை.

பாண்டியரின் குதிரைகள் உண்மையில் கடல் வழி வந்தவை. அரேபியா, பாரசீகக் கரைகளிலிருந்து காயல் துறையில் வந்து இறங்கியவை. ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் கொடுக்கப்பட்டதென்றும், வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் விலை தரப்பட்டதென்றும் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். வந்தவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுட் பல ஆண்டு முடியுமுன் இறந்தன என்பது மார்க்கோ போலோவின் குறிப்பு. 1311-இல் மாலிக் காஃபூர் தென்னாட்டிலிருந்து திரும்பியபோது 612 யானைகளும் 20,000 குதிரைகளும் தில்லிக்கு வந்தன என்கிறார் பரணி. எண்களில் மிகை இருக்கலாம். எனினும் காயலில் கரையேறிய குதிரைகள் சிலவேனும் சிரி மதிலுக்குள் வந்து சேர்ந்திருக்கும் என்பதில் ஐயம் வேண்டா. நமக்கு முன்னரே தெற்கிலிருந்து தலைநகருக்கு வந்தவை அவை.

குறி இருந்தால் மட்டும் போதுமா? இதற்கு விடை ஃபிரூஸ் ஷா துக்ளக்கின் (1351–1388) காலத்தில் கிடைக்கிறது. ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் என்னும் ஆசிரியர் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். குதிரை பார்வையிடலில் தன் குதிரை தேறவில்லை என்று ஒரு வீரன் தோழனிடம் புலம்புவது சுல்தானின் காதில் விழுகிறது. அவர் அவனை அழைத்துக் காரணம் கேட்கிறார். ஒரு பொன் தங்கா கொடுத்தால் எழுத்தர் தேர்வுச்சீட்டுத் தருவார், தம்மிடமோ பொன் இல்லை என்கிறான் அவன். சுல்தான் என்ன செய்தார்? எழுத்தரைத் தண்டிக்கவில்லை. வீரனின் கையில் ஒரு பொன் தங்காவைக் கொடுத்தனுப்பினார். அவனும் அதனைக் கொடுத்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு வந்து நன்றி கூறினான். அஃபீஃப் இதனை அரசரின் இரக்கத்துக்குச் சான்றாகவே எழுதுகிறார். அரசுச் செயலகங்களில் முப்பது ஆண்டு கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற நம் சங்கத்துப் பெரியோர்கள் அதனை எவ்வாறு படிப்பார்கள் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. இரும்பு காய்ச்சிக் குதிரைக்கு நோவு கொடுத்துப் பெற்ற உறுதி, ஒரு பொன் காசால் நீர்த்துப் போயிற்று.

பின்னர் ஷேர் ஷா (1540–1545) அவ்வழக்கத்தை மீண்டும் உயிர்ப்பித்தார். பெருந்தலைவர்கள் படைச் செலவைத் தாமே விழுங்குவதைக் கண்டு அவர் வெறுத்தார் என்பர். அவர் ஆட்சி ஐந்தே ஆண்டுகளில் முடிந்தது.

முறையை நுணுக்கமாக்கியவர் அக்பர். 1573–74-இல் குறியிடும் சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. ஷாபாஸ் கான் அதனை முன்னின்று நடத்தினார். அக்குறிகளின் வரலாற்றை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் சுவைபடத் தருகிறார். முதலில் குதிரைக் கழுத்தின் வலப்புறத்தில் 'சீன்' என்னும் எழுத்தின் தலை பொறிக்கப்பட்டது. பின்னர் இரண்டு 'அலிஃப்' எழுத்துகள் குறுக்கு நெடுக்காக வெட்டும் வடிவம் வலத் தொடையில் இடப்பட்டது. அதன்பின் நாண் கழற்றிய வில்லின் வடிவம். முடிவில் எண்களே வந்தன. இரும்பால் எண்கள் வார்த்து, அவற்றைக் காய்ச்சி வலத் தொடையில் பதித்தனர். முதற் பார்வையிடலில் 1, இரண்டாவதில் 2 என்று அவை ஏறிச் சென்றன. ஏமாற்றை முறிக்க எண்ணே சிறந்தது என்கிறார் அபுல் ஃபசல். ஒவ்வொரு வடிவமாக மாற்ற நேர்ந்ததிலிருந்தே, முன்னதை யாரோ கள்ளமாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்று நாம் ஊகிக்கலாம். குதிரைகளைக் காலத்தில் கொண்டுவந்து காட்டாத தலைவனின் ஜாகீரில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. அக்பரின் செவிலித்தாய் மகனாகிய மிர்சா அஜீஸ் கோக்கா இதனை ஏற்க மறுத்து, ஆக்ராவில் தம் தோட்டத்திலேயே அடைபட்டிருந்தார். வரலாற்றாசிரியர் பதாயூனியோ, தலைவர்கள் தம் ஏவலர்க்கே வீரர் உடை அணிவித்துக் காட்டிவிட்டு மீண்டும் வீட்டு வேலைக்கு அனுப்பினர் என்று குமுறுகிறார். அவர் பேச்சில் கசப்பு மிகுதி. அதற்குக் காரணமும் உண்டு. அவரும் அபுல் ஃபசலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அரசவை புகுந்தனர். இருவர்க்கும் இருபதின் தகுதியும், அதற்குரிய குதிரைகளைக் குறியிடக் கொண்டுவரும் கட்டளையும் கிடைத்தன. அபுல் ஃபசல் அவ்வாறே செய்து ஏறிச் சென்றார். பதாயூனியால் இயலவில்லை, வாழ்நாள் முழுதும் அதனை எண்ணி வருந்தினார். இரு புலவர்களின் வாழ்வு பிரிந்த இடம் ஒரு குதிரைத் தொடை எனலாம்.

இனி விதையடித்தலைப் பார்ப்போம். இது புல்வெளி நாட்டார் வழக்கம். சித்தியரும் சர்மேத்தியரும், சிறியவையாயினும் அடங்காத தம் குதிரைகளை விதையடித்துப் பழக்கினர் என்று கிரேக்க நூலாசிரியர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். விதையடித்த குதிரை கடிப்பதையும் துள்ளுவதையும் விடுமே தவிரப் போருக்குத் தகுதி இழக்காது என்பது அவருக்கும் முந்திய செனஃபோனின் கருத்து. இந்தியப் படைகளிலோ விதையடிக்காத ஆண் குதிரையும் பெண் குதிரையுமே பெரும்பாலும் ஏறப்பட்டன. வீரியம் குன்றிய குதிரையில் ஏறுவது வீரனுக்கு இழுக்கு என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். அதன் விலை என்னவெனில், பாசறையில் ஒன்றையொன்று கடித்துக் குதறாதிருக்கத் தலைப்பக்கம் இரு கயிறும் பின்னங்கால்களில் கயிறுமாக ஒவ்வொன்றையும் முளையடித்துக் கட்ட வேண்டியிருந்தது. 'அகாடி, பிச்சாடி' என்று இந்தியில் வழங்குவது இக்கட்டுதான்.

கம்பெனி ஆட்சியில் நிலை மாறத் தொடங்கியது. பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் கம்பெனியார் குதிரைப் பண்ணை வைத்திருந்தனர். லியோன் நகரில் முறையாகக் கால்நடை மருத்துவம் கற்ற முதல் ஆங்கிலேயராகிய வில்லியம் மூர்கிராஃப்ட் 1808-இல் அதன் மேற்பார்வையாளராக வந்தார். நல்ல இனக் குதிரைகளைத் தேடிப் புகாரா வரை சென்று, திரும்பும் வழியில் 1825-இல் மாண்டார். அப்பூசாவிலேயே 1905-இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1934 நிலநடுக்கத்துக்குப் பின் அது தில்லிக்கு வந்தபோது ஊர்ப் பெயரும் உடன் வந்தது. கரோல்பாகிலிருந்து நாம் பேருந்தேறும் 'பூசா' அதுவே.

பண்ணைகள் போதாமையால் ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலில் வந்தன. நியூ சவுத் வேல்ஸ் என்னும் நாட்டுப் பெயரால் 'வேலர்' எனப்பட்டன. பெரும்பாலும் விதையடித்தவை, பண்ணைக்காரரின் சூட்டுக்குறி தாங்கியவை. முதல் உலகப் போரில் இக்குதிரைகள் பாலைவனம் வரை சென்றன. 1918 செப்டம்பர் 23-இல் ஜோத்பூர், மைசூர் ஈட்டிப் படையினர் ஹைஃபா நகரைப் பிடித்த நினைவாகத்தான் தீன்மூர்த்திச் சிலைகள் நிற்கின்றன. சிலைகளில் மனிதர் மூவர் உளர், குதிரை இல்லை. போருக்கு அனுப்பப்பட்ட வேலர்களுள் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் சாண்டி.

இன்று இவ்விரு காரியங்களும் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதையும் கூறிவிடுவோம். குட்டியைப் பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் இரண்டு வயதிற்கும் இடையில், ஈ மொய்க்காத குளிர்காலத்தில் விதையடிக்கின்றனர். வேலை கத்தி எடுக்கும் நாளில் தொடங்குவதில்லை. வாரக்கணக்கில் முன்னரே தலைக்கயிற்றுக்குப் பழக்குவர். நான்கு கால்களையும் தூக்கிக் காட்டக் கற்பிப்பர். கழுத்திலிருந்து தொடை வரை கைகளால் தடவித் தொடுகைக்கு அஞ்சாதபடி செய்வர். இரு விதைகளும் இறங்கியுள்ளனவா என்று மருத்துவர் பார்ப்பார். குதிரைக்கு வில்வாத நோய் எளிதில் பற்றுமாதலால் அதற்குரிய தடுப்பூசி இன்றியமையாதது. மயக்க மருந்து கொடுத்த பின்னரே அறுவை.

குறியிடுதலில் நெருப்பின் இடத்தைக் குளிர் பெரிதும் பிடித்துக்கொண்டது. 1966-ஐ ஒட்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் ஃபாரெல் இம்முறையை வகுத்தார். மயிரைக் கத்தரித்து, தோலைச் சாராயத்தால் துடைத்து, சுழியத்திற்குக் கீழ் 196 பாகை குளிர்ந்த திரவ நைட்ரஜனில் தோய்த்த செம்பு அச்சைச் சில நொடி அழுத்துவர். மயிருக்கு நிறம் தரும் அணுக்கள் மட்டும் அழிய, பின் முளைக்கும் மயிர் வெண்மையாக எழுத்துக் காட்டும். வெள்ளைக் குதிரைக்கு இன்னும் சற்று நேரம் அழுத்தினால் மயிரே முளையாது. இதற்கும் மேலாக அரிசி மணியளவு சில்லு ஒன்றைக் கழுத்தில் ஊசியால் ஏற்றிவிடும் முறை வந்துள்ளது. அதற்குள் பதினைந்து இலக்க எண். பந்தயக் குதிரைகளின் பிறப்புப் பதிவேட்டில் அவ்வெண் ஏறுகிறது. அக்பரின் இரும்பு எண்கள் தோலுக்கு உள்ளே போய்விட்டன.

விதையடித்த குட்டியை லாயத்தில் படுக்கவிடுதல் ஆகாது. கட்டியே வைத்தால் வீக்கம் இறங்காது. மறுநாள் காலையே, வாரக்கணக்கில் அதனைப் பழக்கிய அதே கை தலைக்கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்திச் செல்ல வேண்டும். முதல் சில அடிகளுக்குக் குட்டி தயங்கும், பின் வரும்.