பாசி பூத்த தண்ணீர்

டவுனில் இருந்து பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் பூநாரையைப் பார்ப்பார்கள், டச்சுக்காரர் கல்லறையைப் பார்ப்பார்கள், மீன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் இன்னைக்குச் சொல்ல வந்தது பாசியின் கதை.

நீலப்பச்சைப்பாசி எங்களுக்கு வேண்டாத பொருள் இல்லை. காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்து நெல்வயலுக்குக் கொடுப்பது இதுதான் என்று 1939-ல் பி.கே. டே என்ற நம் நாட்டு விஞ்ஞானி காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் இந்த இனத்துக்கென்றே பெரிய நூல் எழுதினார். அசோலாவுக்குள் குடியிருப்பதும் இதே இனம்தான்.

ஆனா இதில் விஷம் உள்ள வகைகளும் உண்டு. 1878-ல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி படர்ந்த தண்ணீரைக் குடித்த ஆடுமாடுகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்தப் பாசி நோடுலேரியா; உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்தில் வளர்வது. நம்ம ஏரியும் அப்படிப்பட்ட இடம்தானே.

1979-ல் அதே நாட்டின் பாம் தீவில், குடிநீர் அணையில் பாசியை ஒழிக்க மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது, அதுக்குள்ளே இருந்த விஷம் தண்ணீரில் கலந்தது. 148 பேர் ஈரல் வீங்கிப் படுத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இந்த விஷம் காய்ச்சினாலும் போகாது.

மாடு சாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? நல்ல தண்ணீர்க் குளத்தில் கல்லுக்கும் இலைக்கும் அடியில் தட்டைப்புழு ஊரும். வெட்டினால் துண்டும் முழுப் புழுவாக வளரும், அவ்வளவு கெட்டி உயிர். ஆனால் அதுக்குச் செவுள் கிடையாது, மெல்லிய தோலாலேயே மூச்சு விடும். தண்ணீரில் இருப்பது நேராக உள்ளே போய்விடும். ஆய்வகத்தில் அதைப் பாசி விஷத்தில் விட்டு, ஊர்வது மந்தமாகிறதா, வெட்டிய தலை முளைக்கத் தாமதமாகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஆரணியாறும் காலங்கியும் வயல் தண்ணீரை யூரியா, டிஏபியோடு ஏரியில் சேர்க்கின்றன. முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் வந்து கழுவிவிடும். மணல் அடைத்தால் தண்ணீர் தேங்கிச் சூடாகும், பாசிக்குப் பாய் விரித்த மாதிரி. முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கேட்பது படகுக்கு வழி விட மட்டும் இல்லை. பாடு முறை வைத்து, யாருக்கு எந்த நாள் என்று தொழிலைப் பங்கிட்டு வாழ்ந்த ஊர்கள் இவை. தண்ணீர் கெட்டால் பங்கிட என்ன இருக்கும்?

பச்சை ஆடை படர்ந்த குளத்தைப் பார்த்தால் மாட்டையும் நாயையும் இறக்காதீங்க. மயில்துத்தமும் கொட்டாதீங்க.