வலுவழங்கி ஒட்டுத்தாள்: மூலமும் உரையும்

கணினிப் பெட்டியின் பின்மூலையில், சுவர் மின்வடம் செருகப்படும் இடத்தில் அமைவது வலுவழங்கி. அதன் பக்கத்தே ஒட்டிய சிறு தாளே ஈண்டு மூலம். 550 வாற்றுப் பெட்டிகளிற் காணப்படும் பொதுவாசகம் உரைக்குக் கொள்ளப்பட்டது. விளையாட்டின் நடுவே திரை இருண்டு கணினி தானே மீளத் தொடங்குமாயின், மாணாக்கர் முதற்கண் ஐயுறுவது கிராபிக்ஸ் காட்டை. அதனைக் கழற்றிக்கொண்டு புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ பஸ் ஏறுமுன் இத்தாளை ஓதுதல் வேண்டும். என்னை? காட் உண்பது இப்பெட்டி ஊட்டுவதனையே ஆகலின்.

“உள்ளீடு: ஆடலோட்டம், 200–240 வோல்ற்று, 5 அம்பியர், 50–60 ஹேட்ஸ்.”

உள்ளீடு என்றது சுவரிலிருந்து பெட்டிக்குட் புகுவதனை. ஆடலோட்டம், திசை மாறிமாறிப் பாயும் ஓட்டம்; தாளில் இது சிறு அலைக்கோட்டாற் குறிக்கப்படும். இலங்கையின் வீட்டு மின் 230 வோல்ற்று. அஃதேல் ஓரெண் கூறாது இரண்டெண் கூறியது எற்றுக்கெனின், வழங்கப்படும் மின் ஓரெண்ணில் நில்லாமையின் என்க. மின்மாற்றிக்கு நெடுந்தொலைவிலுள்ள கடைவீட்டில், எல்லா வீட்டிலும் விளக்கெரியும் மாலையில், அழுத்தம் தாழ்வதுண்டு. கீழெல்லைக்கு மிகக் கீழே தாழின் பெட்டி அணையும். அவ்வணைவு காட்டின் நோயன்று என்பது இவ்வெண்களாற் பெறப்படும். பழைய பெட்டிகளிற் சிலவற்றின் பின்புறத்தே 115, 230 எனக் குறித்த சிவப்பு ஆளி இருக்கும். அது 115 இல் நிற்க, 230 வோல்ற்று புகின் பெட்டி வெடியோசையுடன் மடியும். பழம்பெட்டி வாங்குவார் இதனை முதலில் நோக்குக.

50 என்றது இந்நாட்டு மீடிறன். அதனைத் தாங்கி நிற்கும் பெருநிலையம் புத்தளக் கரையிலேயே உளது. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் 300 மெகாவாற்று அலகு மூன்றுடையது. முதலலகு 2011 இலும் முழுநிலையம் 2014 இலும் இயங்கத் தொடங்கின. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின் அற்றபோது இவ்வலகுகளும் நின்றன. அவற்றை மீள எழுப்ப நாள்கள் சென்றன. அதனால் அடுத்த நாள்களிற் சுழற்சி மின்வெட்டும் வந்தது. நிலையத்தின் புகைபோக்கி தெரியும் முற்றத்திலும் கறண்ட் இல்லை. மின் போய் மீளும் கணத்தில் அழுத்தம் ஏறி இறங்குவது இயல்பு. ஆகலின் போனவுடன் பிளக்கைக் கழற்றுக. வந்து சில நிமிடம் நிலைத்தபின் செருகுக.

“வெளியீடு: +3.3 வோல்ற்று 20 அம்பியர். +5 வோல்ற்று 20 அம்பியர். இரண்டுங் கூடி 100 வாற்று.”

முன்னது 66 வாற்று, பின்னது 100; கூட்ட 166 ஆகும். ‘இரண்டுங் கூடி’ என்றமையான், 166 ஒருங்கே கிடைக்கும் என்பது விலக்கப்பட்டது. இவ்வரிகள் காட்டுக்குப் பெரிதும் பயன்படா, ஆகலின் மேற்செல்க.

“+12 வோல்ற்று 45 அம்பியர், 540 வாற்று.”

மூலம் முழுவதற்கும் உயிர் இவ்வரியே. 12 ஐ 45 ஆற் பெருக்க 540. மரபுப்படி மஞ்சட் கம்பி வழி வருவது இது. அண்மைப் பெட்டிகளில் எல்லாக் கம்பியும் கறுப்பாக இருத்தலுமுண்டு. காட்டுக்கு ஊட்டும் வழி இரண்டு. தாய்ப்பலகையின் நீள்துவாரம் 75 வாற்று மட்டும் தரும். அதனின் மிக்கது வேண்டின் தனிவடம் வேண்டும்: ஆறு ஊசி வடத்துக்கு 75 வாற்று, எட்டு ஊசி வடத்துக்கு 150 என்பது வகுத்த அளவு. ஜீடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாற்றினது. பல தயாரிப்புகளில் துவாரமே போதும். ஆர்டிஎக்ஸ் 3060 170 வாற்றினது. அதாவது 12 வோல்ற்றில் 14 அம்பியருக்குச் சற்று மிகுதி. அதற்குத் தயாரிப்பாளர் கூறும் வலுவழங்கி 550 வாற்று.

அஃதேல் காட் 170 உண்ண 550 எதற்கெனின், செயலகமும் விசிறியும் அதே வரியில் உண்கின்றன. அன்றியும் காட் கணப்பொழுதிற் கூறிய அளவைக் கடந்து இழுக்கும். அக்கணத்தைத் தாங்காத பெட்டி உடனே அணையும். பெருவெழுத்தில் 500 எனப் பொறித்து, இவ்வரியில் 18 அம்பியர் மட்டும் கூறும் பெட்டி கையில் வரின், அது காட்டுக்கும் பிறவற்றுக்குமாக வைத்திருப்பது 216 வாற்றே என அறிக. பெருவெழுத்தை விட்டு இவ்வரியைக் கொள்வதே உரையாசிரியர் துணிபு.

கூட்டற்குறி வாளாது நின்றதன்று. புவிக்கம்பியாகிய கறுப்பை நோக்க அழுத்தம் மேலானது என்பது அதன் பொருள். பல்மானியின் கறுப்பு முனையைக் கறுப்பிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைக்க. ஏற்கும் எல்லை நூற்றுக்கு ஐந்து, அதாவது 11.40 முதல் 12.60 வரை. வெறுமனே நிற்கும் கணினியில் எண் நன்றாகவே தோன்றும். விளையாட்டு ஓடுகையில் அளந்த எண்ணே சான்று.

நோய் எவருடையது என்று பகுக்குமாறு: சுமையேறும்போது முன்னறிவிப்பின்றி முழுக் கணினியும் அணையின் வலுவழங்கியை முதலில் ஐயுறுக. கணினி தொடங்கும் முதற்றிரையிலேயே கோடும் புள்ளியும் தோன்றின் காட்டை ஐயுறுக. விண்டோஸ் நிகழ்வேட்டில் ‘கேர்னல்-பவர் 41’ என்று காணின், முறையாக மூடாது நின்றது என்பதே அதன் பொருள். ஏன் நின்றது என்று அது கூறாது. விசிறி சுழன்றும் படம் வராவிடின், திரைவடம் காட்டிற் செருகாது தாய்ப்பலகையிற் செருகப்பட்டதோ என முன்னர் நோக்குக. இப்பிழை பலரிடத்தும் உண்டு.

“+5 வோல்ற்று காத்திருப்பு 3 அம்பியர்.”

காத்திருப்பு என்றது, கணினி அணைந்திருக்கையிலும் ஓடும் சிற்றோட்டத்தை. தாய்ப்பலகையின் சிறு விளக்கு இதனால் எரியும். அவ்விளக்கைக் கண்டு பெட்டி நலமென்று துணியற்க. 12 வோல்ற்று வரி செத்தும் இது எரியும்.

“மொத்த வெளியீடு, உச்சம் 550 வாற்று.”

540, 100, 15 என்பவற்றைக் கூட்ட 655 ஆகும். 550 என்றது முரணன்றோ எனின், அன்று. ஒரே கிணற்று நீர் பல வயலுக்குப் பாய்வதுபோல, ஒவ்வொரு வரிக்கும் தனி உச்சம் உண்டு; எல்லாம் ஒருங்கே உச்சம் எய்தல் இல்லை. ‘உச்சம்’ என்னும் சொல், அவ்வளவில் நெடிதியக்குதல் நன்றன்று எனவும் உணர்த்திற்று.

“எச்சரிக்கை: பயனர் பழுதுபார்க்கும் உறுப்பு உள்ளே இல்லை. மூடியைத் திறவற்க.”

உறுப்பு இல்லை என்றது, பழுதாகும் உறுப்பு இல்லை என்றவாறன்று. கொள்ளளவி வீங்கும், விசிறி நிற்கும். கற்பிட்டி முதல் உடப்பு வரை கடற்காற்றும், புத்தளத்து உப்பளங்களின் அருகாமையும் இப்பழுதை விரைவிக்கும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 ஐக் கடக்கின் உப்பு தானே நீரீர்த்துக் கசியும். விசிறி இழுத்த உப்புத்தூசி அவ்வாறு நனைந்து செம்பை அரிக்கும். ஆகலின் சோளகம் வீசும் மாதங்களிற் பெட்டியைச் சன்னலோரம் வைத்தல் தவிர்க்க.

திறவற்க என்றது, பிளக்கைக் கழற்றிய பின்னரும் பெருங்கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னேற்றம் தங்குமாகலின். பயனர் செய்யத்தக்கது வேறொரு நற்பெட்டியை மாற்றிப் பொருத்திப் பார்த்தல். மாற்றுங்கால் பழைய பெட்டியின் கழற்றும் வடங்களைப் புதியதிற் செருகற்க. துளை ஒத்திருந்தும் ஊசிவரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். 12 வோல்ற்று தவறான ஊசியிற் புகின் காட்டும் வன்தட்டும் கருகும்.