வேலைக்காட்டிலிருந்து கணினிக்கூடம் வரை

ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர் கோப்பெங். ஈப்போவிற்குத் தெற்கே, கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் ஆண்களுக்கு இணையாகப் பால்மரம் சீவினர். உழைப்பில் நிலவிய அந்தச் சமநிலை கல்வியில் நிலவவில்லை. அதன் காரணத்தை அறிந்தால்தான், இன்றைய பெண்பிள்ளை இடைநிலைப்பள்ளியில் கணினி அறிவியல் பயில்வதன் இன்றியமையாமை நமக்கு விளங்கும்.

பிரிட்டிஷ் ஆட்சியின்போது வந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வழிசெய்தது. பள்ளிகள் தோன்றின, ஆயினும் அவை தொடக்கக் கல்வியோடு நின்றன. மேற்கொண்டு படிக்க நகருக்குச் செல்ல வேண்டும். பிற்காலத்தில், பயிற்றுமொழி மாறியதால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்கவும் வேண்டியிருந்தது. தாய் விடியுமுன் வேலைக்காட்டிற்குப் போனால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் தேவை. அந்த ஒருவர் பெரும்பாலும் மூத்த மகளே! அவளது படிப்பு அங்கே முடிந்தது.

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்டெல் முதலிய நிறுவனங்கள் இளம்பெண்களைப் பெருந்தொகையினராக வேலைக்கு அமர்த்தின. தமிழ்ப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். உருப்பெருக்கியில் கண்பதித்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர். கணினியின் உறுப்புகளை ஆக்கிய கைகளுக்குக் கணினியைக் கற்கும் வாய்ப்பு வாய்க்கவில்லை. அது அறிவின் குறையன்று; இடையில் நின்ற பள்ளிப்படிப்பின் விளைவு.

கணினி ஆடவர்க்கே உரியது என்பாரும் உளர். வரலாறு அதனை மறுக்கிறது. 1946இல் அமெரிக்காவில் உலகறிய வெளிப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அந்நாட்டில் கணினியியல் பட்டம் பெற்றோருள் பெண்கள் 1984இல் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். பின்னாளில் அவ்வளவு பாதியாகச் சுருங்கியது. நம் நாட்டிலோ நிலை வேறு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணினிப் புலத்தில் பயின்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே. வெயிலில் வாடாது, அறைக்குள் அமர்ந்து அறிவால் ஆற்றும் பணி பெண்களுக்கு ஏற்றது என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணமென ஆய்வாளர் கண்டனர். வெயிலிலும் மழையிலும் உழைத்த தாய்மாரின் வழிவந்தோர்க்கு இதனைப் பன்னிப் பன்னிச் சொல்ல வேண்டியதில்லை.

2017 முதல் கணினி அறிவியல் நான்காம் படிவத்தில் ஒரு விருப்பப் பாடமாக உள்ளது. எல்லாப் பள்ளிகளிலும் அது இல்லை. இருக்கும் பள்ளியிலும் கேட்பவர்க்கே கிட்டும். கோப்பெங்கிற்குத் தெற்கே, அண்மையிலுள்ள கம்பாரில், 2007இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகத்தில் கணினித்துறைப் பட்டப்படிப்பும் உண்டு. அன்று நெடுந்தொலைவாயிருந்த உயர்கல்வி இன்று பேருந்து செல்லும் தொலைவில் வந்து நிற்கிறது.

எஞ்சியிருப்பது மூன்றாம் படிவத்தின் இறுதியில் வரும் ஒரு முடிவு. எந்தப் பாடத்தைத் தேர்வது என்று அவ்வேளையில் தடுமாறும் மாணவிக்கும், பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று தயங்கும் பெற்றோருக்கும் ஆசிரியரின் சொல்லே வழிகாட்டி. கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவியை அழைத்து, "இப்பாடத்தை நீ எடு" என்று கூறுங்கள். அவள் பெற்றோரிடமும் கூறுங்கள். பாட்டியின் படிப்பு நின்ற இடத்தில் பேத்தியின் படிப்பும் நிற்றல் ஆகாது.