சதுரங்கப் பலகை எண்ணும் அதன் பெயர்களும்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி. அடுத்தடுத்த கட்டங்களில் முந்தையதன் இருமடங்கு. இவ்வாறு 64 கட்டங்களும் நிரம்பினால் கிடைக்கும் தொகை 1,84,46,74,40,73,70,95,51,615. இக்கதையை 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் பதிவு செய்தார். தொகையையோ, கி.பி. 1000ஐ ஒட்டி இயற்றிய காலக்கணிப்பு நூலிலேயே அல்பிரூனி கணித்துக் காட்டிவிட்டார்.

இவ்வெண்ணைப் பெற 63 முறை இரட்டிக்க வேண்டுவதில்லை. 16ஐ அதனாலேயே பெருக்கினால் 256; மீண்டும் அவ்வாறே பெருக்க 65,536; பின்னர் 4,29,49,67,296. இன்னும் ஒருமுறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் போதும். இதன் காரணிகளும் இத்தகைய ஒழுங்குடையவை: 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறின் பெருக்கமே இது. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அத்தகையதே என பெர்மா நம்பினார். அது 641ஆல் வகுபடும் என்பதை 1732இல் ஆய்லர் கண்டறிந்தார்.

இப்பண்புகள் எம்மொழியிலும் மாறா, மாறுவது பெயரே. 1484இல் பிரெஞ்சுக் கணிதர் சூக்கே வகுத்த முறையில் பில்லியன், டிரில்லியன் என்பன பத்து இலட்சத்தின் இரண்டாம், மூன்றாம் அடுக்குகள். பின்னர் ஆயிரத்தின் அடுக்குகளாக எண்ணும் வழக்கும் பரவியது. பிரான்சு 1961இல் பழைய முறையை உறுதி செய்தது. பிரித்தானிய அரசோ 1974இல் புதியதற்கு மாறியது. ஆகவே நம் எண் ஆங்கிலத்தில் 18 குவின்டில்லியன். ஜெர்மனில் 18 டிரில்லியன். பின்னதை அப்படியே தமிழில் ஒலிபெயர்த்தால், ஆங்கிலப் பொருளுக்குப் பழகிய வாசகர் அதைப் பத்து இலட்சம் மடங்கு குறைத்தே விளங்கிக்கொள்வார். பிழை ஒரு சொல்லில்தான். அச்சுப் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

இந்திய மரபில் பாஸ்கரரின் லீலாவதி (1150) பதினெட்டு இடங்களுக்குப் பெயர் தந்து பரார்த்தத்தில் நிற்கிறது. நம் எண்ணுக்கு இருபது இடங்கள் வேண்டும். தொல்காப்பிய எழுத்ததிகாரம் ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களைச் சுட்டுகிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் எனக் காட்டுவர். இவற்றை மீட்டுக் கலைச்சொற்களாக்கலாமே எனத் தோன்றலாம். ஆனால் அந்நூற்பா பேசுவது புணர்ச்சியை, மதிப்பை அன்று. மதிப்பு வரையறுக்கப்படாத பெயரை மொழிபெயர்ப்பில் புகுத்துவது டிரில்லியன் குழப்பத்தையே வேறு வடிவில் வரவழைப்பதாகும்.

வழக்கிலுள்ள கோடி இங்கே கைகொடுக்கிறது. 1 இலட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடியே, 44 இலட்சத்து 7 ஆயிரத்து 370 கோடியே, 95 இலட்சத்து 51 ஆயிரத்து 615 என முழு எண்ணையும் படித்துவிடலாம். ஒரு தடை உண்டு: பேச்சில் 'கோடி கோடி' என்பது அளவிறந்தது என்ற பொருளையும் தரும். ஆதலின் பெயரை எழுதுமிடத்து இலக்கங்களையும் உடன் தருதல் வேண்டும்.