கடலடிச் சேறு கேமரன் மலை ஏறிய கதை

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவைச் சுற்றியுள்ள மலைகள் பெரும்பாலும் கருங்கல். ராபின்சன் அருவி விழுவதும் அதன் மேல்தான். ஆனால் ரிங்லெட் பக்கம் இறங்கினால், சாலைக்காக வெட்டிய சரிவுகளில் இடையிடையே வேறொரு கல் தென்படும். ஏடு ஏடாகப் பிரியும்; வெயில் பட்டால் காக்காப்பொன் மினுங்கும். சிஸ்ட் என்கிறார்கள். கருங்கல்லைவிட மூத்தது இதுதான், பிறந்ததோ கடலடியில்.

40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஓரக்கடலில் இது வெறும் சேறு. ஆறுகள் கொண்டுவந்த களியும் நுண்மணலும் படலம் படலமாகப் படிந்தன. மேலே விழுந்த ஒவ்வொரு படலமும் கீழே கிடந்ததை அழுத்தி நீரைப் பிழிந்தது. நீரில் கரைந்திருந்த தாதுக்கள் துகள்களுக்கு இடையே பசையாக இறுகின. சேறு களிப்பாறையாயிற்று. படிவுப் பாறைக்கு நெருப்பு வேண்டாம். பாரமும் காலமும் போதும்.

பிறகு அந்த ஓரத்துண்டு கண்டத்தை விட்டுப் பிரிந்து வடக்கே நகர்ந்தது. எதிரே இன்னொரு நிலத்துண்டு. இடையே பண்டைய தெத்திஸ் கடல். கடல் சுருங்கி மூடியபோது இரண்டும் மோதின. மோதிய தழும்பு இன்றும் பகாங் மாநிலத்தில் பெந்தோங், ரவுப் வழியாக வடக்கே ஓடுகிறது. களிப்பாறை மடிந்தது, நசுங்கியது, ஆழத்துக்குப் போய்ச் சூடேறியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல் உருகவில்லை. திடமாக இருந்தபடியே களித்தாதுக்கள் காக்காப்பொன்னாக மாறி, அழுத்தத்துக்குக் குறுக்கே வரிசையாகப் படுத்துக்கொண்டன. ஏடாகப் பிரிவது அதனால்தான். களிப்பாறை முதலில் சிலேட்டாகும், வெப்பம் ஏறினால் ஃபில்லைட், இன்னும் ஏறினால் சிஸ்ட். உருமாற்றம் என்பது இந்தப் படிகள்தான்.

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கீழிருந்து கற்குழம்பு ஏறி, ஆழத்திலேயே மெல்லக் குளிர்ந்து கருங்கல்லானது. பழைய சேற்றுக்கல் அதன்மேல் பானைக்கு மூடிபோலக் கிடந்தது. மேலிருந்த பல கிலோமீட்டர் கல்லை மழை அரித்துத் தள்ளிய பின், கருங்கல் வெளியே வந்தது. மூடியில் மிஞ்சிய சில்லுகளே இன்றைய சிஸ்ட் திட்டுகள்.

மலைமேல் ஏறியதோடு பயணம் நிற்கவில்லை. வெப்பமண்டல ஈரத்திலும் சூட்டிலும் கல் ஆழமாக மக்கி மீண்டும் களியாகிறது. இரும்பு துருவேறிச் சிவக்கிறது. சுண்ணாம்பை மழை கழுவிக்கொண்டு போவதால் மண் புளிக்கிறது, தேயிலைக்கு வேண்டியதும் புளித்த மண்தான். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது முதல் நம்மவர்கள் மண்வெட்டியால் கொத்தியதும், நிரை பிடித்துக் கொழுந்து கிள்ள நின்றதும் கல் மக்கிய இந்த மண்ணில்தான். மலாயாத் தமிழர் வரலாறு எழுதுகிறவர்கள் ஆட்களைச் சொல்வார்கள், கப்பலைச் சொல்வார்கள். அவர்கள் காலூன்றிய மண்ணையும் சொல்ல வேண்டும்.

முற்றிய தேயிலை நெருங்கிப் படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காய்கறிக்காகவும் கட்டடத்துக்காகவும் மொட்டையாக்கிய சரிவு பிடிக்காது. ஒரே மழையில் அந்த மண் பெர்த்தாம் ஆற்றில் இறங்கிவிடுகிறது. முன்பெல்லாம் பெர்த்தாம் தெலோமிலும், தெலோம் ஜெலாயிலும் கலந்து, பகாங் ஆறாகத் தென்சீனக் கடல்வரை வண்டலைக் கொண்டுபோகும். 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை எழுந்தபின் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்குகிறது. அணை தேக்கிய ஏரியின் கொள்ளளவு குறைந்துகொண்டே வருவதால், இயந்திரம் வைத்து ஓயாமல் தூர்வாருகிறார்கள். 2013 அக்டோபரில் கனமழையில் அணை நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. ஏரியில் சேறு சேர்வதைக் கல்லின் இயல்பு என்று சொல்லித் தப்ப முடியாது. கல்லின் வேகம் அதுவல்ல. வேகத்தைக் கூட்டியது சரிவில் ஓடிய புல்டோசர்.

அணை நீர் மின்சாரத்துக்காக மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பேராக் பக்கம், பத்தாங் பாடாங் ஆற்றுக்குப் போகிறது. தண்ணீரில் படியாமல் மிதக்கும் நுண்களியும் கூடவே போகும். கிழக்கே போகவேண்டிய சேற்றில் ஒரு பங்கு இப்போது மேற்கே மலாக்கா நீரிணையில் படிந்து, அடுத்த களிப்பாறைக்கு முதல் படலம் போடுகிறது.