தலையிடி என்று சொன்னோம்

எமது கல்லூரியின் நூற்றாண்டு வரலாற்றில் கட்டடங்களுக்கும் பெறுபேறுகளுக்கும் பல பக்கங்கள் உண்டு. மாணவியரின் மனத்துயருக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இலட்சக்கணக்கான மக்களோடு நாமும் வலிகாமத்தை விட்டு, மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். பின்னர் இன்னொரு பாடசாலையில் எமக்குப் பிற்பகல் வகுப்புகள் தொடங்கின. பலரிடம் சீருடை இல்லை. ஆனாலும் ஆசிரியை இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார். நேரசூசி, பக்கத்தில் ஒரு சிநேகிதி, வராவிட்டால் தேட ஒருவர்: இவையே எம்மைத் தாங்கின.

ஆயினும் எம்மிடம் எவரும் கேட்காத கேள்விகள் இருந்தன. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, தலைச்சுற்று என்று பலர் போய் நின்றோம். பனடோல் தந்து, "பொறுத்துக்கொள்ளுங்கோ பிள்ளையள்" என்று வகுப்புக்கு அனுப்பினார்கள். அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே, குறை சொல்ல மனம் வரவில்லை. சொல்ல முடியாத துயரம் உடல்நோவாக வெளிப்படும் என்பதை எம்மிற் சிலர் மருத்துவம் படித்த பின்பே அறிந்தோம். எமது மக்களின் போர்க்கால உளக்காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாக்கினார்.

அதே 1995இல்தான் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உச்சத்தைத் தொட்டது. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் அது பெரிதும் குறைந்தது. ஆகவே இது விதியல்ல; தடுக்கக்கூடியது.

இன்று தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. எமக்கு அது இருக்கவில்லை. பழைய மாணவியரான நாம் செய்யக்கூடியது ஒன்று: தலையிடி என்று வரும் பிள்ளைக்குப் பனடோலோடு ஒரு கதிரையும் கொடுத்து, "என்ன நடந்தது?" என்று கேட்போம்.