இல்லாத கோடு

1986ல், கும்பகோணத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் உதவிக்குச் சேர்ந்த புதிதில், நல்ல பல் ஒன்றைக் குடைந்துவிட்டேன். கீழ்க் கடைவாய்ப் பல். எப்போதோ வெள்ளி அடைப்பு வைத்தது. எக்ஸ்ரேயில் அந்த அடைப்பின் வெள்ளைக்குக் கீழே, முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. அடியில் சொத்தை ஊர்கிறது என்று முடிவுகட்டி அடைப்பைப் பெயர்த்தேன். உள்ளே, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் கருங்கல்லாக இருந்தது. மறுபடி அடைத்து அனுப்பினேன். காசு வாங்க மனசு வரவில்லை.

அன்று ராத்திரி பெரிய டாக்டர் அந்த ஃபிலிமை லைட் பாக்ஸில் செருகினார். ஃபிலிம் உறைக்குள் ஒரு கறுப்புத் தாள் வரும். அதில் ஒரு துண்டு வெட்டி, அடைப்பின் வெள்ளையை மட்டும் மறைத்தார். கோட்டைக் காணோம். தாளை எடுத்தார், கோடு வந்துவிட்டது. "எங்கய்யா போச்சு உன் சொத்தை?" என்றார்.

இந்த ஏமாற்றுக்கு மாக் பட்டை என்று பெயர். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் மாக் 1865ல் இதைப் பற்றி எழுதினார். ஜெட் விமானத்தின் வேகத்தைச் சொல்லும்போது அடிபடுகிறதே, அதே மாக். வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற விளிம்பில், வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாகவும் இருட்டை இன்னும் இருட்டாகவும் கண் கூட்டிக் காட்டும். நரம்பளவில் இதற்கு விளக்கம் கிடைத்தது குதிரைலாட நண்டின் கண்ணில். வெளிச்சம் பட்ட ஒரு செல் அக்கம்பக்கத்துச் செல்களை அடக்கிவைக்கிறது என்று அதில் கண்ட ஹார்ட்லைனுக்கு 1967ல் நோபல் பரிசு கிடைத்தது. நண்டுக்கு இது வசதிதான். எங்களுக்கோ, வெள்ளை எனாமல் முடிந்து சாம்பல் டென்டின் தொடங்குகிற இடத்திலெல்லாம் சொத்தை மாதிரி ஒரு கோடு. நிஜச் சொத்தை அவ்வளவு சுலபத்தில் தலைகாட்டாது. பல்லின் தாதுவில் 30, 40 சதவீதமாவது கரைந்தால்தான் படத்தில் தெரியும்.

ஆக, பல் எக்ஸ்ரே பிறக்க முப்பது வருஷம் முன்பே அது சொல்லப்போகும் பொய் எழுத்தில் ஏறிவிட்டது. ரான்ட்கன் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஓட்டோ வால்க்ஹாஃப், ஃபோட்டோ எடுக்கும் கண்ணாடித் தகட்டில் சின்னத் துண்டு நறுக்கி, கறுப்புத் தாளும் ரப்பரும் சுற்றித் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு 25 நிமிஷம் கிடந்தார்.

அந்தக் காலத்தில் படத்தின் சாம்பல் நிறம் யார் சொல்லுக்கும் கட்டுப்படவில்லை. எக்ஸ்ரே குழாய்க்குள் மிச்சமிருக்கும் வாயுவுக்குத் தகுந்தபடி கதிரின் வலு ஏறி இறங்கும். வலு குறைந்தால் படம் வெறும் கறுப்பு வெள்ளை. கூடினால் எல்லாம் ஒரே சாம்பல். இன்று குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க, நியூ ஆர்லியன்ஸ் பல் டாக்டர் எட்மண்ட் கெல்ஸ் தன் கையையே கதிருக்கு எதிரே நீட்டி, ஒளிரும் திரையில் விழும் எலும்பின் நிழலை அளவாகக் கொள்வார். அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் அவர். விரல்கள் போயின, கை போயிற்று, பிறகு புஜமும். 1928ல் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நான் படித்த பாடப் புத்தகத்தில் அவருக்கு இரண்டு வரி. 1913ல் கூலிட்ஜின் சூடான இழைக் குழாய் வந்த பிறகு, சாம்பலை மின்னழுத்தத்தால் திருத்திக்கொள்ள முடிந்தது. கை நீட்டும் வேலை ஒழிந்தது.

கும்பகோணத்தில் எங்களுக்கு வேறு தொல்லை. டெவலப்பர் 20 டிகிரியில் ஐந்து நிமிஷம் என்று அட்டையில் போட்டிருக்கும். சித்திரை மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் கை வைத்தால் சுடும். அந்தச் சூட்டில் ஃபிலிம் சட்டென்று கறுத்து, மூட்டம் போட்டுவிடும். ஐஸ் வாங்கிவந்து கிண்ணத்தைச் சுற்றி அடுக்குவது கம்பவுண்டர் வேலை. ஐஸ் கிடைக்காத நாளில் சிவப்பு விளக்கடியில் தூக்கித் தூக்கிப் பார்த்து, போதும் என்று தோன்றுகிற நிமிஷத்தில் எடுத்து ஃபிக்ஸரில் போடுவார். அவர் கண்ணுக்குப் பிடித்த சாம்பல்தான் எங்களுக்கு வாய்த்த சாம்பல். நிறங்களுக்கு அவரே பேர் வைத்திருந்தார்: அடுப்புச் சாம்பல், மழை மேகம், எருமை. "இன்னிக்கு எருமைதான் சார் வந்திருக்கு" என்றால் மறுபடி எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

1987ல் பிரான்சிலிருந்து ஆர்.வி.ஜி. என்ற கருவி வந்தது. துலூஸ் பல் டாக்டர் பிரான்சிஸ் மூயென் உருவாக்கியது. ஃபிலிமுக்குப் பதில் சென்சார், டார்க் ரூமுக்குப் பதில் திரை. சாம்பலில் 256 படிகள் என்றார்கள். அத்தனையையும் ஒரே பார்வையில் பிரித்தறியக் கண்ணால் ஆகாது. என் கிளினிக்குக்கு அது வந்தது ரொம்பத் தாமதமாக, 2009ல்.

போன மாசம் மருமகள் கூப்பிட்டாள். அவளும் பல் டாக்டர். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க." வெள்ளி அடைப்பு, அடியில் கறுப்புக் கோடு. பழகின கை, விசிட்டிங் கார்டை எடுத்துத் திரையில் வெள்ளையை மறைத்தேன். கோடு போகவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த வித்தை என்னைக் கைவிட்டதே இல்லை. நிஜச் சொத்தைதான் போலிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன், திரை ஓரத்தைப் பார்த்தேன். ஷார்ப்பன் போட்டிருந்தாள்.

அந்த ஃபில்டர் செய்வதும் நண்டின் கண் செய்வதைத்தான்: விளிம்பின் ஒரு பக்கத்தைக் கறுப்பாக்கும், மறுபக்கத்தை வெளுப்பாக்கும். ஒரே வித்தியாசம், அது வரைகிற கோடு படத்திலேயே ஏறிவிடும். கார்டு வைத்து மறைத்தால் போகாது.

"ஷார்ப்பனை எடும்மா."

எடுத்தாள். கோடு மெலிந்தது. கார்டை வைத்தேன், அதுவும் போய்விட்டது. கார்டை வாங்கி அவளே இரண்டு தரம் வைத்து வைத்து எடுத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்த அம்மாளிடம், "ஒண்ணும் இல்லம்மா, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றாள்.